ஓர் எழுத்துத் திருத்தம்: லினக்ஸ் கர்னல் ஆவணங்களின் பழைய இணைப்புகளைப் புதுப்பித்த 2020-ஆம் ஆண்டுப் பணி

இங்கே பதிவு செய்யப்படுவது 2020 மே மாதக் கடைசியில் தொடங்கி அவ்வாண்டின் ஆகஸ்ட் வரை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கர்னலில் மும்முரமாக நடந்த ஒரு பணி. கர்னலின் ஆவணங்களிலும் நிரல் குறிப்புகளிலும் ‘எச்டிடிபி’ (மறையாக்கம் இல்லாத வலைத்தொடர்பு) என்று தொடங்கிய பழைய இணைப்புகளை ‘எச்டிடிபிஎஸ்’ (அதன் மறையாக்கப்பட்ட வடிவம்) என்று மாற்றும் வேலையைத் தனி ஒருவர் கையிலெடுத்தார். தாமே எழுதிய ஒரு ஸ்கிரிப்ட்டின் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலின்) துணையோடு அதைக் கர்னலின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனார். பேட்ச்சுகளும் (மின்னஞ்சலில் அனுப்பப்படும் நிரல் மாற்றங்களும்) அவற்றுக்கு வந்த மறுமொழிகளும் பொதுவெளியில் எழுதப்பட்டவை. கர்னலின் மின்னஞ்சல் காப்பகத்தில் யாரும் படிக்கலாம். ஆட்களின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை என்பதால் ‘பங்களிப்பாளர்’, ‘பராமரிப்பாளர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

ஓர் இணைப்பில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்ப்பதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆவணப் பணியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வேலையாகக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இணைப்புத் திருத்தம்தான். அதனால், அந்த வேலை பெரிய அளவில் நடக்கும்போது எங்கே சுலபமாகப் போகிறது, எங்கே மற்றவர்களின் பொறுமையைச் சோதிக்கிறது என்பதைப் பார்த்துவைப்பது பயனுள்ளது.

பின்னணி

கர்னலின் மூலநிரலோடு ‘டாக்குமென்டேஷன்’ என்ற அடைவும் சேர்ந்தே வருகிறது. 2016-இல் வெளியான 4.8 பதிப்பிலிருந்து அந்த ஆவணங்கள் படிப்படியாக ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்ற எளிய குறியீட்டு உரை வடிவத்துக்கு மாற்றப்பட்டு, ஸ்பிங்ஸ் என்ற கருவியால் வலைப்பக்கங்களாகக் கட்டப்படுகின்றன. இணைப்புகள் அந்த அடைவோடு நின்றுவிடவில்லை. சி கோப்புகளின் குறிப்புரைகளில், கேகான்ஃபிக் என்ற கர்னல் அமைப்புத் தெரிவுகளின் உதவி வாசகங்களில், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் ‘மெயின்டெய்னர்ஸ்’ கோப்பில் என்று அவை எங்கும் விரவிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பராமரிப்பாளர் உண்டு. அவர் ஏற்றுக்கொண்டால்தான் ஒரு வரி மாறும். ஆவணங்களுக்கென்றும் தனிப் பராமரிப்பாளர் இருக்கிறார். ஆனால் ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) கோப்பின் குறிப்புரையில் உள்ள இணைப்பு அவருடைய ஆளுகைக்குள் வராது.

அந்த இணைப்புகளில் பல மிகப் பழையவையும்கூட. கர்னல் 1991-இல் பிறந்தது. அதன் ஆவணங்கள் சுட்டிய நிறுவனங்கள் கைமாறின, சில இல்லாமலே போயின. சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிளோடு சேர்ந்தது. ஓஎஸ்டிஎல் என்ற அமைப்பு 2007-இல் வேறோர் அமைப்போடு இணைந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆயிற்று. மின்னஞ்சல் குழுக்களின் காப்பகமாகப் பலரும் சுட்டிவந்த ஜிமேன் தளத்தின் வலைமுகப்பு 2016 ஜூலையில் இறக்கப்பட்டது. கர்னல்.ஆர்க் தளமே தன் எஃப்டிபி (பழைய கோப்புப் பரிமாற்ற முறை) சேவையை 2017 மார்ச் 1 அன்று நிறுத்திக்கொண்டது.

இவற்றுக்கு நடுவே வலையின் பழக்கமும் மாறியது. எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரில் எல்லோருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியதும் சிறிய தளங்கள்கூட எச்டிடிபிஎஸ்ஸுக்கு வந்துசேர்ந்தன. 2018 ஜூலையில் வெளியான குரோம் 68, வெறும் எச்டிடிபியில் இயங்கும் எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே காட்டியது. ஆக, 2020 வாக்கில் ஆவணத்தில் இருந்த எச்டிடிபி இணைப்புகள் மூன்று விதமாக நின்றன: எச்டிடிபிஎஸ்ஸிலும் அதே பக்கத்தைத் தருபவை, இன்னும் எச்டிடிபியில் மட்டும் கிடைப்பவை, இரண்டிலும் கிடைக்காதவை.

தேர்ந்தெடுத்த குறிக்கோள்

பங்களிப்பாளர் முதல் விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் பாதுகாப்பு. கர்னல் உருவாக்குநர் ஒருவர் ஆவணத்தில் உள்ள இணைப்பைத் திறக்கும்போது, இடையில் இருக்கும் எவரும் எச்டிடிபி பக்கத்தை மாற்றி அனுப்பிவிட முடியும். எச்டிடிபிஎஸ்ஸில் அது மிகவும் கடினம். உலகமெங்கும் ஓடும் நிரலை எழுதுபவர்களின் கணினி தாக்குபவர்களுக்கு நல்ல இலக்கு என்பதை மறுக்க முடியாது.

இந்தக் காரணத்தின் எடை எவ்வளவு? பல தளங்கள் எச்டிடிபியில் கேட்டாலும் தாமே எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும். ஒருமுறை சென்றுவந்த தளத்தை உலாவி நினைவில் வைத்துக்கொள்ள உதவும் எச்எஸ்டிஎஸ் என்ற ஏற்பாடும் 2012-லிருந்தே இருக்கிறது. ஆனாலும் முதல் கோரிக்கை மறைக்கப்படாமல்தான் போகிறது, இடைமறிக்க அது போதும். எனவே ஆதாயம் சிறியது, ஆனால் உண்மையானது. சிறிய ஆதாயத்துக்காக ஏராளமான கோப்புகளைத் தொடும்போது செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு இந்தப் பணியில் முன்கூட்டியே போடப்பட்டதாகத் தெரியவில்லை.

விதி

பணியின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஸ்கிரிப்ட் என்ன செய்தது என்பதைப் பங்களிப்பாளர் ஒவ்வொரு பேட்ச்சின் விளக்கத்திலும் படிப்படியாக எழுதிவைத்தார். யார் ஓட்டினாலும் ஒரே விடை வரக்கூடிய விதி என்பதையும் அங்கேயே குறிப்பிட்டார்.

அதன் சாரம் இது. ஒவ்வொரு கோப்பாக எடு. அது எஸ்விஜி படமாக இருந்தால் விட்டுவிடு. ஒவ்வொரு வரியாகப் பார். அதில் ‘எக்ஸ்எம்எல்என்எஸ்’ (எக்ஸ்எம்எல் வகைக் கோப்புகளில் பெயர்வெளியை அறிவிக்கும் சொல்) என்ற சொல் இருந்தால் விட்டுவிடு. வரியில் உள்ள ஒவ்வோர் எச்டிடிபி இணைப்பையும் எடு. அது குனு உரிமப் பக்கத்தையோ மொஸில்லா பொது உரிமப் பக்கத்தையோ சுட்டினால் விட்டுவிடு. மிஞ்சிய இணைப்பை எச்டிடிபியிலும் எச்டிடிபிஎஸ்ஸிலும் தனித்தனியே கேட்டுப் பார். இரண்டும் 200 (‘சரி’ என்று பொருள்படும் எண்) என்ற மறுமொழியோடு ஒரே உள்ளடக்கத்தைத் தந்தால் மட்டும் மாற்று.

கடைசி நிபந்தனையின் கறாரைக் கவனிக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் முகவரியில் ஏதோ ஒரு பக்கம் வருகிறது என்பது போதாது. அதே பக்கம் வர வேண்டும். ஒரே வழங்கியில் பல தளங்கள் குடியிருக்கும்போது எச்டிடிபியில் திட்டத்தின் பக்கமும் எச்டிடிபிஎஸ்ஸில் வழங்கி நிறுவனத்தின் இயல்புப் பக்கமும் வருவது சாதாரணம். 200 என்ற எண்ணை மட்டும் நம்பும் ஸ்கிரிப்ட் அங்கே ஏமாந்திருக்கும். இந்தக் கறாருக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முறையும் நேரத்தையோ விளம்பரத்தையோ மாறும் குறியீட்டையோ தாங்கிவரும் பக்கங்கள் இரு கோரிக்கைகளுக்கும் ஒரே உள்ளடக்கத்தைத் தராது. அவற்றின் இணைப்புகள் செல்லுபடியாகக்கூடியவையாக இருந்தும் மாறாமல் தங்கிவிடும். தவறாக மாற்றுவதைவிட மாற்றாமல் விடுவது மேல் என்ற பக்கமாகவே விதி சாய்ந்தது. அது சரியான சாய்வு.

சிறிய நுணுக்கம் ஒன்று. இணைப்பு எங்கே முடிகிறது என்பதை முடிவு செய்த வடிவ விதி, ‘#’ குறியைக் கண்டதும் நின்றுவிடும். மேலும், இணைப்பின் கடைசி எழுத்து ஓர் எழுத்தாகவோ எண்ணாகவோ சாய்கோடாகவோதான் இருக்க வேண்டும். ஆகவே வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் மூடும் அடைப்புக்குறியும் இணைப்போடு ஒட்டிக்கொள்ளவில்லை. இணைப்புச் சரிபார்ப்பில் வீண் பிழைகள் பாதிக்கு மேல் இந்த ஒட்டலால் வருபவை என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

விலக்கப்பட்டவையும் விலக்கப்படாத ஒன்றும்

எஸ்விஜி கோப்பின் தொடக்கத்தில், டபிள்யூ3.ஆர்க் தளத்தின் 2000-ஆம் ஆண்டு எஸ்விஜி முகவரி எச்டிடிபியோடு எழுதப்பட்டிருக்கும். பார்வைக்கு இணைப்பு, வேலையோ பெயர். ‘இந்தக் கோப்பில் உள்ளவை எஸ்விஜி வகையைச் சேர்ந்தவை’ என்று உலாவிக்குச் சொல்லும் அடையாளச் சொல் அது. உலாவி அந்த முகவரிக்குப் போய்ப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அதில் ஓர் ‘எஸ்’ சேர்ந்தால் படம் படமாகத் தெரியாது. பங்களிப்பாளர் இதை உணர்ந்து விலக்கியிருந்தார். உரிமப் பக்கங்களை விலக்கியதும் பொருத்தமானதே. கோப்பின் தலையில் உள்ள உரிம அறிவிப்பு சட்ட வாசகம், இணைப்பைப் புதுப்பிக்கும் வேலைக்காக அதைத் தொடுவது தேவையற்ற கேள்விகளைக் கிளப்பும்.

பெயராக நிற்கும் இணைப்புகள் இவை மட்டும்தானா? வன்பொருளை விவரிக்கும் டிவைஸ்ட்ரீ ஆவணங்கள் ‘டாக்குமென்டேஷன்’ அடைவின் ஒரு பெரிய பகுதியை நிரப்புகின்றன. அவற்றில் யாம்ல் என்ற தரவு வடிவில் உள்ள ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் ‘ஐடி’, ‘ஸ்கீமா’ என்ற இரு வரிகள் இருக்கும். இரண்டும் எச்டிடிபியோடு தொடங்கி டிவைஸ்ட்ரீ.ஆர்க் என்ற தளத்தைச் சுட்டும். சரிபார்க்கும் கருவிக்கு அவையும் பெயர்கள்தான். எழுதப்பட்ட விதியில் இவற்றுக்குத் தனி விலக்கு இல்லை. இரண்டு முகவரிகளும் ஒரே பக்கத்தைத் தந்தால்தான் மாற்றம் என்ற பொது நிபந்தனை ஒன்றே காவல். அந்தத் தளத்தை நடத்துபவர்கள் என்றாவது அந்த முகவரிகளில் கோப்புகளை வைத்தால் காவல் விலகிவிடும். இத்தகைய வரிகளை மறுமொழி எண்ணைக் கொண்டு காப்பாற்றக் கூடாது. இடத்தைக் கொண்டு, அதாவது ‘இந்தச் சாவியின் மதிப்பு இணைப்பு அல்ல’ என்று சொல்லிக் காப்பாற்ற வேண்டும். இன்றும் அந்த வரிகள் எச்டிடிபி என்றே தொடங்குகின்றன, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

நடந்த வரிசை

முதல் பேட்ச் 2020 மே மாதக் கடைசி வாரத்தில் ஆவணங்களுக்காக அனுப்பப்பட்டு, ஆவணப் பராமரிப்பாளரால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த வெற்றி அடுத்த முடிவுக்கு வழிவகுத்தது: ஆவண அடைவோடு நிற்காமல் கர்னலின் எல்லாப் பகுதிகளுக்கும் இதையே செய்வது. அதன்பின் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பேட்ச்சுகள் ஒவ்வொரு பகுதியின் பராமரிப்பாளருக்கும் போகத் தொடங்கின. ஒவ்வொன்றையும் கையால் அனுப்பவில்லை. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு ஷெல் ‘ஃபார்’ சுழற்சி எல்லாவற்றையும் தனக்காக அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பங்களிப்பாளரே ஒளிவுமறைவின்றி எழுதினார்.

அனுப்புவது தானாக நடக்கலாம். பெறுவது அப்படி நடப்பதில்லை. ஒரு பராமரிப்பாளரின் பெட்டியில் வந்து விழுந்த பேட்ச்சை ஒரு மனிதர் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். ஸ்கிரிப்ட் இரண்டு கோரிக்கைகளில் முடித்த இணைப்பை அவர் உலாவியில் திறந்து பார்க்காமல் ஏற்றால் அது மதிப்பாய்வு ஆகாது. திறந்து பார்த்தால் அவருடைய மாலைப்பொழுது போய்விடும். செலவு எந்தப் பக்கம் விழுகிறது என்பது இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

மதிப்பாய்வில் எழுந்த கேள்விகள்

முதலில் கிளம்பிய முணுமுணுப்பு தலைப்பு வரியைப் பற்றியது. கர்னலில் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு வரியில் ஒரு முன்னொட்டு வழக்கம் உண்டு. அது எங்கும் ஒரே இடத்தில் எழுதிவைக்கப்பட்டதில்லை, அந்தக் கோப்பின் பழைய கமிட்டுகளை, அதாவது வரலாற்றில் பதிவான மாற்றங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் எல்லாப் பேட்ச்சுகளும் ஒரே வாசகத்தோடு, கடைசியில் மட்டும் பகுதியின் பெயரோடு போயின. பராமரிப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பின் பங்களிப்பாளர் மன்னிப்புக் கேட்டு, முன்னொட்டுகளைத் திருத்தி அனுப்பினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சடங்காகத் தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்களைத் தலைப்பைப் பார்த்தே பிரிக்கும் ஒருவருக்கு முன்னொட்டு என்பது உறையின் மேல் எழுதிய முகவரி.

இரண்டாவது கேள்வி, மாற்றப்படாத இணைப்புகள். ‘இந்த இணைப்பும் எச்டிடிபிஎஸ்ஸில் வேலை செய்கிறதே, இதை ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்டவர்களுக்கு, முன்பே எழுதிய ஒரு பதிலைச் சுட்டுவதையே பங்களிப்பாளர் வழக்கமாக்கிக்கொண்டார். விதி கறாரானது என்பதே காரணம். தனித்தனி இணைப்புக்காக விதியை வளைத்தால் ‘யார் ஓட்டினாலும் ஒரே விடை’ என்ற அடிப்படை போய்விடும். இதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

மூன்றாவது கேள்விதான் கனமானது. சில இணைப்புகளைப் பற்றி, ‘இதை எச்டிடிபிஎஸ் ஆக்குவதற்குப் பதில் நீக்கிவிட வேண்டும்’ என்றோ, ‘எச்டிடிபிஎஸ் ஆக்கினால் மட்டும் போதாது’ என்றோ மறுமொழி வந்தது. அதற்குப் பங்களிப்பாளரின் நிலையான பதில், அப்படியானால் தெளிவாகச் சொல்லுங்கள், அந்த இணைப்பில் நான் செய்த மாற்றத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்பது.

இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அவருடைய இடத்திலிருந்து அது பொறுப்பான பதிலே. ஓர் இணைப்பு இன்னும் தேவையா என்பதை அந்த டிரைவரை அறிந்தவர்தான் சொல்ல முடியும். அறியாத ஒருவர் நீக்கினால் தவறு நேரும். ஆனால் விளைவைப் பாருங்கள். பயனற்றது என்று மதிப்பாய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன இணைப்பு, அந்தப் பேட்ச்சிலிருந்து வெளியேறிப் பழையபடி எச்டிடிபியாகவே ஆவணத்தில் தங்கிவிடுகிறது. பரிசோதனையில் மிகவும் மதிப்புள்ள கண்டுபிடிப்பு அதுதான். அதைப் பிடித்துவைக்க இந்தப் பணியில் ஏற்பாடு எதுவும் இல்லை. அது ஒரு கடிதத்தில் சொல்லப்பட்டு அங்கேயே நின்றுபோனது.

விதியால் காண முடியாதவை

200 என்ற மறுமொழி வழங்கி பதில் சொன்னது என்பதற்குச் சான்று. சொன்னது சரியான பதிலா என்பதற்குச் சான்று ஆகாது. காலாவதியான ஒரு முகவரியை வேறொருவர் வாங்கி விளம்பரப் பக்கம் வைத்திருந்தால், அது எச்டிடிபியிலும் எச்டிடிபிஎஸ்ஸிலும் ஒரே உள்ளடக்கத்தைக் கண்ணியமாகத் தரும். விதியின்படி அந்த இணைப்பு தேர்ச்சி பெறும். ஆவணத்தில் அதற்குப் பாதுகாப்பான பூட்டுச் சின்னமும் கிடைக்கும். பாதுகாப்புக்காகத் தொடங்கிய மாற்றம், ஆவணம் சொன்னதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பக்கத்துக்கு மறையாக்கப்பட்ட வழியைப் போட்டுத் தருவதாக முடியலாம். பழைய பொருளின் விவரத் தாளைச் சுட்டும் இணைப்பு நிறுவனத்தின் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுவதும் இதே வகை. ‘காணவில்லை’ என்று எழுதிய பக்கத்தை 404 என்று சொல்லாமல் 200 என்று சொல்லி அனுப்பும் தளங்களும் குறைவில்லை.

மறுபக்கம், உண்மையில் செத்த இணைப்புகளை விதி தொடவே இல்லை. ஜிமேன் முகவரிகள், எஃப்டிபி முகவரிகள், மறைந்த நிறுவனங்களின் பக்கங்கள் ஆகியவற்றில் 200 வராது. எஃப்டிபி தேடலிலேயே சிக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் எடுத்துக்கொண்ட குறிக்கோளின் எல்லை அது. ஆனால் ஆவணத்தைப் படிப்பவரைப் பொறுத்தவரை, நன்றாக இருந்த இணைப்பு இன்னும் நன்றாக ஆயிற்று, உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது.

இன்னொன்று வடிவம் சார்ந்தது. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டில் கோடு போட்ட அட்டவணை ஒன்றுக்குள் இணைப்பு இருந்தால், ஓர் எழுத்து கூடியதும் வலப்பக்கக் கோடு ஓர் இடம் நகர்ந்துவிடும். அட்டவணை குலைந்தது என்று ஸ்பிங்ஸ் பிழை காட்டும். ஓர் இணைப்பே தலைப்பாக இருந்து அதன் அடிக்கோடு சரியான நீளத்தில் இருந்தால், ஓர் எழுத்துக் குறைவு என்று எச்சரிக்கை வரும். இவற்றை வரி வரியாகப் பார்க்கும் ஸ்கிரிப்ட் அறியாது. மாற்றிய பின் ஆவணத்தை ஒருமுறை கட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

விளைவு

பணி பெருமளவில் வெற்றி பெற்றது. பல பத்துப் பகுதிகளின் பராமரிப்பாளர்கள் பேட்ச்சுகளை ஏற்றுக்கொண்டனர். கர்னலின் 2020-ஆம் ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் ஒரே வாசகம் கொண்ட கமிட்டுகள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் விதி முழுமையாக எழுதப்பட்டிருப்பதால், பல ஆண்டுகள் கழித்து ஒரு வரியை யார் ஏன் மாற்றினார் என்று தேடுபவருக்கு உடனே விடை கிடைக்கிறது. திறமூலத் திட்டங்களில் ‘இணைப்பு சரிசெய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு வரும் மாற்றங்களை நினைத்தால் இது பெரிய வேறுபாடு.

ஆனால் மேலே சொன்ன கேள்வி-பதில்கள் வரலாற்றில் இல்லை. கர்னலுக்கு அனுப்பும் கடிதத்தில் மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுதுவது பேட்ச்சோடு பதிவாகாது; அது அந்த நேரத்துப் பேச்சுக்கு மட்டும். ‘நீக்க வேண்டிய இணைப்பு’, ‘விடுபட்ட இணைப்பு’ பற்றிய விளக்கங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தன. போதாக்குறைக்கு அவை எல்கேஎம்எல்.ஆர்க் என்ற காப்பகத்தின் முகவரிகளால் சுட்டப்பட்டன. அந்த முகவரியில் ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை எண் ஆகியவை மட்டுமே உண்டு. காப்பகம் போனால் எந்தக் கடிதம் என்று கண்டுபிடிக்க வழி இல்லை.

பின்தொடர்ச்சி

2021-இல் இன்னொரு பங்களிப்பாளர் கர்னல் ஆவணங்களில் இருந்த எல்கேஎம்எல்.ஆர்க் இணைப்புகளை லோர்.கர்னல்.ஆர்க் காப்பகத்தின் இணைப்புகளாக மாற்றத் தொடங்கினார். நீண்ட காலம் நிற்கக்கூடிய ஒரே இடத்தைச் சுட்டுவது நல்லது என்பது காரணம். லோர் முகவரியில் கடிதத்தின் ‘மெசேஜ்-ஐடி’ இருக்கும். அது காப்பகம் கொடுத்த எண் இல்லை. கடிதம் பிறக்கும்போதே அதன் தலைப்பகுதியில் எழுதப்பட்டுவிடுவது. காப்பகம் மாறினாலும் அதைக் கொண்டு வேறோர் இடத்தில் அதே கடிதத்தை எடுக்கலாம். கர்னலின் மூலநிரல் வரலாற்றைப் பராமரிக்கப் பயன்படும் மென்பொருளான கிட்டின் திட்டம் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது: ஜிமேன் எண்களால் எழுதிய இணைப்புகளை மாற்றுவது அங்கே ஒவ்வொன்றாகத் தேடும் வேலையாக இருந்தது, மெசேஜ்-ஐடி உள்ள முகவரிகளுக்கு வந்த பின், 2019-இல் லோர் காப்பகத்துக்கு மாறியபோது முகவரியின் முன்பகுதியை மாற்றியதோடு வேலை முடிந்தது.

2021-ஆம் ஆண்டுப் பணியில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. சில கோப்புகளில், இணைப்பை லோருக்கு மாற்றலாம் என்று எடுத்துப் பார்த்தபோது, அந்த இணைப்பால் அந்த இடத்தில் பெரிய பயன் இல்லை என்று தெரிந்தது. ஆகவே அவற்றை அப்படியே நீக்கிவிட்டார்கள். முந்தைய ஆண்டு ‘என் மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்’ என்று முடிந்த உரையாடல், இங்கே நீக்கத்தில் முடிந்தது.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

விதியை எழுதிவைத்தது, கறாரான ஒப்பீடு, விலக்குகள் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்வேன். பெயராக நிற்கும் முகவரிகளின் பட்டியலை மட்டும், எக்ஸ்எம்எல்லோடு நிறுத்தாமல், அந்தந்தத் திட்டத்தின் கோப்பு வகைகளைப் பார்த்து விரிவாக்க வேண்டும்.

பெரிய மாற்றம், ஸ்கிரிப்ட்டின் விளைபொருளில். அது பேட்ச் ஒன்றை மட்டும் தரக் கூடாது. 200 வராதவை, இரு உள்ளடக்கங்களும் வேறுபட்டவை, வேறு தளத்துக்குத் திருப்பிவிடப்பட்டவை ஆகியவற்றைத் தனிக் கோப்பாக எழுதித் தர வேண்டும். அந்த வேலையை ஸ்கிரிப்ட் எப்படியும் செய்துவிட்டது. விடைகளைத் தூக்கி எறிந்ததுதான் வீண். ‘நீக்கலாம்’ என்று மதிப்பாய்வாளர் சொல்லும் இணைப்புகளும் அதே கோப்பில் சேர வேண்டும். அந்தக் கோப்பைப் பகுதி வாரியாகப் பிரித்து உரிய பராமரிப்பாளரிடம் கொடுத்தால், ‘எஸ்’ சேர்க்கும் பேட்ச்சைவிட அதை அவர் விரும்பி வாங்கிக்கொள்வார் என்பது என் ஊகம்.

அனுப்பும் வேகத்தையும் குறைக்க வேண்டும். சுழற்சி ஒன்றை ஓடவிட்டு அனுப்புவதற்கு முன், நான்கைந்து பகுதிகளுக்கு மட்டும் கையால் அனுப்பி, வரும் மறுமொழிகளைப் பார்த்து, முன்னொட்டு முதலியவற்றைத் திருத்திய பிறகு மற்றவற்றுக்குப் போயிருந்தால் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்திருக்காது. இறுதியாக, விலக்கியவற்றுக்கும் விட்டவற்றுக்குமான காரணங்களை மூன்று கோடுகளுக்கு மேலே, பேட்ச்சின் விளக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கீழே எழுதப்பட்டதால் இன்று அவற்றைப் படிக்க, கடிதக் காப்பகத்தில் அந்த ஆண்டின் ஜூன் மாதத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.